மகரந்தத்தைத் தானே எண்ணும் இரண்டு கருவிகள்

1952-இல் ஹர்ஸ்ட் என்பவர் வடிவமைத்த பொறி நிமிடத்துக்கு 10 லிட்டர் காற்றை இழுத்து, மகரந்தத்தை ஒட்டும் நாடாவில் பிடிக்கும். பிறகு ஒருவர் நுண்ணோக்கியில் எண்ண வேண்டும். முடிவு வருவதற்குள் நாட்கள் ஓடிவிடும். மகரந்த ஒவ்வாமையால் மூச்சுத் திணறுபவருக்கு அதனால் என்ன பயன்?

இந்தத் தாமதத்தைத் தானியங்கிக் கருவிகள் இரண்டு விதமாகக் குறைக்கின்றன. ஜெர்மனியின் பவேரியா மாநிலம் பயன்படுத்தும் பிஏஏ500 என்ற கருவி, பழைய முறையையே இயந்திரமாக்கியது. துகள்களை ஒட்டும் பரப்பில் படியவைத்து, உள்ளேயே இருக்கும் நுண்ணோக்கியால் வெவ்வேறு ஆழங்களில் படமெடுத்து, மென்பொருளால் இனம் பிரிக்கிறது. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை தரவு வரும். படங்கள் தெளிவானவை, சந்தேகம் வந்தால் நிபுணர் திறந்து பார்த்துத் திருத்தலாம்.

சுவிட்சர்லாந்தின் போலினோ என்ற கருவி எதையும் படியவைப்பதில்லை. பறக்கும் துகளையே இரு கோணங்களில் ஹாலோகிராம் (ஒளி அலைகளின் கலப்பைப் பதிவுசெய்யும்) முறையில் படமெடுக்கிறது, அப்புறம் ஒளி பட்டதும் அது ஒளிர்வதையும் அளக்கிறது. ஹர்ஸ்ட் பொறியைப்போல நான்கு மடங்கு, நிமிடத்துக்கு 40 லிட்டர் காற்று என்பதால் மகரந்தம் குறைந்த நாளில் எண்ணிக்கை அதைவிட நம்பகமாக இருக்கும். வேகமும் அதிகம்.

இரண்டுக்கும் பயிற்சித் தரவு இல்லாத தாவரத்தை அடையாளம் காணத் தெரியாது. புதிய இனங்களைக் கற்பிக்கும்போது நிபுணர் சரிபார்க்க வேண்டுமென்றால் பிஏஏ500. நோயாளிக்கு உடனடி எச்சரிக்கைதான் நோக்கம் என்றால் நான் போலினோவையே எடுப்பேன்.