60 டிகிரிக்காகவே வாங்கிய வாஷிங் மெஷின்

போன ஐப்பசியில் பெரியவன் ஹாஸ்டலில் இருந்து வரும்போது சிரங்கையும் கூடவே கொண்டுவந்துவிட்டான். கொஞ்ச நாளில் சின்னவள், நான், அத்தை என்று ஒருவர் பாக்கியில்லாமல் ராத்திரியெல்லாம் சொறிந்தோம். டாக்டர் பெர்மெத்ரின் க்ரீம் எழுதிக்கொடுத்து, "வீட்டுல எல்லாரும் ஒரே ராத்திரி தடவுங்க. காலையில உடுத்துனது, விரிச்சது எல்லாத்தையும் சுடுதண்ணியில துவைச்சுருங்க. ஒரு வாரம் கழிச்சு மறுபடி இதே மாதிரி" என்றார்.

முதல் தடவை அண்டாவில் தண்ணீர் கொதிக்கவைத்து, வாளி வாளியாகத் தூக்கி ஊற்றியதில் இடுப்பே விட்டுப்போனது. இரண்டாவது தடவைக்குள் இந்த மெஷின் வில்லாபுரம் வீட்டுக்கு வந்துவிட்டது. 7 கிலோ, முன்பக்கக் கதவு, உள்ளேயே ஹீட்டர்.

'காட்டன்' வைத்தால் தானாக 40 டிகிரிதான் காட்டும். 60 நாம்தான் மாற்ற வேண்டும். இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது. நடுவில் கதவுக் கண்ணாடியைத் தொட்டால் கை சுடும். சிரங்குப் பூச்சி 50 டிகிரிக்கு மேல் பத்து நிமிடம்கூடத் தாங்காது என்பதால் எனக்கு அந்தச் சூடு போதும். 15 நிமிட 'குயிக்' வியர்வைச் சட்டைக்கு மட்டும்தான். துவைக்க முடியாத தலையணை, ஸ்கூல் பேக்கை பாலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி நாலு நாள் ஒதுக்கி வைத்தோம். மனிதத் தோல் கிடைக்காவிட்டால் அந்தப் பூச்சி இரண்டு மூன்று நாளில் செத்துவிடும். அப்புறம் யாருக்கும் அரிப்பு திரும்ப வரவில்லை.

இப்போது துண்டு, பெட்ஷீட், உள்ளாடை எல்லாம் 60இல்தான். அடுப்படித் துணி தனி. அத்தையின் சிவப்புச் சுங்குடியைத் தெரியாமல் 60இல் போட்டு, சாயம் இறங்கி, என் மகளின் வெள்ளை யூனிஃபார்ம் ரோஸ் ஆனது. சுங்குடிக்குப் பச்சைத் தண்ணீரும் கையும்தான்.

குறை என்றால், கதவைச் சுற்றி இருக்கும் ரப்பர். மடிப்பில் தண்ணீர் தேங்கி, மூன்றே மாதத்தில் கறுப்பாகப் பூஞ்சை கட்டியது. மெஷின் மாட்ட வந்தவர் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதில் எனக்கு இன்னும் வருத்தம்தான். இப்போது ஒவ்வொரு முறையும் மடிப்பை விரித்துத் துடைத்து, கதவைத் திறந்தே வைக்கிறேன். கீழே உள்ள ஃபில்டரைத் திறந்தால் முடி, ஊக்கு, ஒரு முறை ஐந்து ரூபாய்க் காசு.

எங்கள் போர் தண்ணீர் உப்பு. ஹீட்டரில் படியாமல் இருக்க, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) 100 கிராம் போட்டு, துணியில்லாமல் 60இல் ஓட்டுகிறேன். அதோடு பிளீச்சிங் பவுடரை மட்டும் சேர்த்துவிடாதீர்கள், விஷவாயு கிளம்பும்.

வாங்கப் போகிறவர்கள் கடையில் ஹீட்டர் உள்ளே இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். மேலே மூடி உள்ள மாடல்கள் பலவற்றில் அது கிடையாது.