வங்கியுடன் வழக்கு: நீதிமன்றமா, ஓம்புட்ஸ்மேனா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற ஒரு தோட்டப்புற நகரில், ஓய்வுபெற்ற பால்மரத் தொழிலாளி ஒருவரின் சேமிப்பு போலிச் செயலி ஒன்றால் பறிபோய், வங்கியும் பொறுப்பேற்க மறுத்துவிட்டால், அவருக்கு இரண்டு வழிகள் உண்டு.

முதல்வழி நீதிமன்றம். 5,000 ரிங்கிட்டுக்கு உட்பட்ட சிறு கோரிக்கையை வழக்கறிஞரின்றியே மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் தொடுக்கலாம். 100,000 ரிங்கிட்டைத் தாண்டினால் செஷன்ஸ் நீதிமன்றம். தோற்றால் எதிர்த்தரப்பின் செலவுத்தொகையும் தலையில் விழலாம். ஆயினும் சட்டத்தின் போக்கை மாற்றும் வலிமை இங்கேதான் இருக்கிறது. கடன் ஒப்பந்தத்தில் வங்கி தன் பொறுப்பை அடியோடு கைகழுவும் வாசகம், 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 29ஆம் பிரிவின்படி செல்லாது என்று 2018இல் நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொடி எழுத்தில் அச்சிட்டதெல்லாம் வேதவாக்கு என்ற நிலையை நீதிபதிகள் ஏற்கவில்லை. அது வாடிக்கையாளருக்குக் கிடைத்த பெரிய பிடிமானம்.

மற்றொன்று, 2025 ஜனவரி முதல் இயங்கும் நிதிச் சந்தை ஓம்புட்ஸ்மேன் சேவை; வாடிக்கையாளருக்கும் நிதி நிறுவனத்துக்கும் இடையிலான தகராறை நீதிமன்றத்துக்கு வெளியே தீர்க்கும் நடுநிலை அமைப்பு இது. பொதுவாக 250,000 ரிங்கிட் வரையிலான புகார்களை இலவசமாக விசாரிக்கிறது. முதலில் வங்கியிடமே புகார் கொடுத்து, அதன் இறுதிப் பதில் கிடைத்த ஆறு மாதங்களுக்குள் அணுக வேண்டும். போலீஸ் புகாரின் நகல், கணக்கறிக்கை, பணம் போன நேரத்தைக் காட்டும் குறுஞ்செய்தி ஆகியவை உதவும். வழக்குக்காக ஈப்போவுக்குத் தவணைக்குத் தவணை அலைய வேண்டியதில்லை. முடிவைப் புகார்தாரர் ஏற்றால் வங்கி கட்டுப்படும்; ஏற்காவிட்டால் நீதிமன்றக் கதவு அடைபடாது.

ஆகவே சேமிப்பு இழப்புக்கு ஓம்புட்ஸ்மேனையே முதலில் நாடலாம் என்பது என் கருத்து. ஒப்பந்த வாசகமே செல்லுமா என்பது கேள்வியானால், வழக்கறிஞரைப் பார்ப்பதே முறை.