2038-ஐக் கடக்கும் இரண்டு பேட்ச்கள்: குறியை நீக்குவதா, அகலத்தைக் கூட்டுவதா?

1970 ஜனவரி 1 முதல் கடந்த விநாடிகளைக் குறியுள்ள, அதாவது எதிர்மறை மதிப்பையும் ஏற்கும், 32 பிட் எண்ணில் வைத்திருக்கும் ஃபர்ம்வேரில் (கருவிக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருளில்), 2038 ஜனவரி 19, உலகப் பொதுநேரம் 03:14:07-க்கு அடுத்த விநாடியே எண் நிரம்பி எதிர்மறையாகி, தேதி 1901-க்குப் போய்விடும். இதைத் தீர்க்க வரும் பேட்ச்கள் (நிரல் திருத்தங்கள்) பெரும்பாலும் இரண்டு வகை: எண்ணைக் குறியில்லா 32 பிட்டாக்குவது ஒன்று, 64 பிட்டாக அகலப்படுத்துவது மற்றொன்று.

முதலாவது, பேட்சைச் சரிபார்க்கும் ரிவ்யூவில் மிகச் சிறியதாகத் தெரியும். ஒரு டைப் மட்டுமே மாறுகிறது, அந்த எண்ணைப் பிற விவரங்களோடு சேர்த்து வைக்கும் ஸ்ட்ரக்சரின் அளவு மாறுவதில்லை, ஃபிளாஷ் நினைவகத்தில் உள்ள பழைய பதிவுகளையும் அப்படியே படிக்கலாம், 2106 பிப்ரவரி 7 வரை எண் தாங்கும். ஆனால் அந்த ஒரு வரியை மட்டும் பார்த்து ஒப்புதல் தரக் கூடாது. கெடுநேரத்திலிருந்து இப்போதைய நேரத்தைக் கழித்து, விடை பூஜ்ஜியத்துக்குக் கீழே போனதா என்று பார்க்கும் சோதனை வேறொரு கோப்பில் இருக்கும். குறியில்லாக் கழித்தலில் விடை எதிர்மறையாவதே இல்லை என்பதால், கெடு முடிந்ததைச் சொல்லும் அந்த டைம்அவுட் இனி ஒருபோதும் நிகழாது. தேதியை விநாடியாக்கும் ஃபங்ஷன் தோல்வியைச் சொல்லத் தரும் -1-உம் 4294967295 ஆகி, செல்லுபடியாகும் நேரம்போல் உள்ளே நுழைந்துவிடும்.

இரண்டாவதில் இந்தச் சோதனைகள் எதுவும் உடைவதில்லை. அதன் விலை வேறிடத்தில் இருக்கிறது. 32 பிட் பிராசசர் 64 பிட் எண்ணை இரு பாதிகளாகப் படிக்கும்போது, நடுவில் இன்டரப்ட் (ஓடும் வேலையை இடைநிறுத்தும் அழைப்பு) வந்து எண்ணை மாற்றினால் பழைய பாதியும் புதிய பாதியும் கலந்துவிடும். விநாடிக் கணக்கில் இது அரிது என்றாலும், நானோவிநாடிக் கணக்கில் கீழ்ப்பாதி ஏறத்தாழ 4.3 விநாடிக்கொரு முறை நிரம்பி வழிவதால், படிக்கும்போது மாற்றத்தைத் தடுக்கும் பூட்டோ, மாறியதைக் காட்டும் வரிசை எண்ணோ இல்லாத பேட்சை நான் திருப்பி அனுப்பிவிடுவேன். ஸ்ட்ரக்சர் அமைப்பும் மாறும்: 32 பிட் எண்ணை அடுத்து 64 பிட் எண் வந்தால், லினக்ஸ் இயங்குதளத்தில் 32 பிட் எக்ஸ்86 வகை பிராசசர் அந்த ஸ்ட்ரக்சரை 12 பைட்டில் வைக்கும், ஆர்ம் வகை 16 பைட் எடுக்கும்.

இருந்தும் என் தேர்வு 64 பிட்டே. 2014-இல் ஓப்பன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் 5.5 பதிப்பும், 2020-இல் லினக்ஸ் 5.6-உம் 32 பிட் பிராசசர்களுக்குக்கூட அந்த வழியையே எடுத்தன. மாற்ற முடியாத கோப்பு வடிவத்தில் மட்டும் குறியில்லா 32 பிட்டை விட்டுவைத்து, கோப்பைப் படிக்கும், எழுதும் எல்லையில் ஒரே ஃபங்ஷனில் மாற்றிக்கொள்ளலாம்.

எந்த பேட்சானாலும் லீப் ஆண்டுக் கணக்கையும் திறந்து பார்க்க வேண்டும். ஆண்டை நான்கால் மட்டும் வகுத்துப் பார்க்கும் வரி, 2038-இல் நின்றுவிடும் எண்ணுக்குப் போதுமானதாக இருந்தது. 2100 லீப் ஆண்டு அல்ல என்பதால், இனி அது 2100 மார்ச் 1-ஐ பிப்ரவரி 29 என்று காட்டும்.