கால் பங்கில் நாலு இடமா, ஐந்தில் ஒன்றில் ஆறு இடமா? ஈச் வே கணக்கு

பிரிட்டனில் சனிக்கிழமை காலை நாலைந்து புக்மேக்கர்களின் ஆப்பைத் திறந்து பார்த்தால், ஒரே ஹேண்டிகேப் ரேஸுக்கு (பலமான குதிரைக்குக் கூடுதல் எடை ஏற்றிச் சமப்படுத்தும் ரேஸ்) ஆளுக்கொரு ஈச் வே கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். ஒருவர் நாலு இடம் (முதல் நாலுக்குள் வந்தால் பணம்), கால் பங்கு (ஜெயிக்கும் விலையில் கால்வாசி) என்பார். அடுத்தவர் ஐந்து இடம், ஐந்தில் ஒரு பங்கு. மூன்றாமவர் ‘ஆறு இடம்!’ என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, மற்றவர்களிடம் 16/1 (ஒன்று போட்டால் 16 லாபம்) இருக்கும் குதிரையைச் சத்தமில்லாமல் 14/1 ஆக்கி வைத்திருப்பார். பலரும் இடங்களை மட்டும் எண்ணிவிட்டு மூன்றாமவரிடம் பணத்தைக் கட்டுவார்கள். சில நேரம் அது சரிதான். எப்போது சரி என்பதுதான் கேள்வி.

ஈச் வே என்றால் ஒரே சீட்டில் இரண்டு பெட். 10 பவுண்டு ஈச் வே போட்டால் கையை விட்டுப் போவது 20 பவுண்டு: ஜெயிப்பதற்கு 10, இடம் பிடிப்பதற்கு 10. கிண்டி ரேஸ் மைதானத்து டோட்டில் (எல்லோர் பணத்தையும் ஒரு குளமாகச் சேர்த்து, சரியாகக் கட்டியவர்களுக்குப் பிரித்துத் தரும் முறை) வின், பிளேஸ் டிக்கெட்டைத் தனித்தனியாக வாங்கிப் பழகியவர்களுக்கு இது புரியும். ஆனால் அங்கே பிளேஸ் பணம் தனிக் குளத்திலிருந்து பிரித்துத் தரப்படுவது. புக்மேக்கரோ வின் விலையில் ஒரு பங்கை அப்படியே வெட்டி பிளேஸ் விலையாக்கிவிடுகிறார். 12/1 குதிரை கால் பங்கில் 3/1. இடம் பிடித்தால் 10 பவுண்டுக்கு 40 திரும்பும். ஐந்தில் ஒரு பங்கில் 34தான்.

பிரிட்டனில் வழக்கமான கணக்கு இது:

4 குதிரை வரை: வின் மட்டும்
5 முதல் 7: இரண்டு இடம், கால் பங்கு
8-ம் அதற்கு மேலும்: மூன்று இடம், ஐந்தில் ஒரு பங்கு
ஹேண்டிகேப்பில் 12 முதல் 15: மூன்று இடம், கால் பங்கு
ஹேண்டிகேப்பில் 16-ம் அதற்கு மேலும்: நாலு இடம், கால் பங்கு

இதைப் படிக்கட்டாகப் பார்க்க வேண்டும். படி ஏறியதும் கிடைக்கும் குதிரை எண்ணிக்கை (8, 16) ஆடுபவருக்குச் சாதகம். அடுத்த படிக்கு ஒன்று குறைவான எண்ணிக்கை (7, 15) புக்மேக்கருக்குச் சாதகம். எல்லாக் குதிரையும் சம பலம் என்று வைத்துக்கொண்டால் இது பளிச்சென்று தெரியும். 16 குதிரை ஹேண்டிகேப்பில் நியாய விலை 15/1. புக்மேக்கர் 14/1 தருகிறார். வின் பக்கம் 10 பவுண்டு போட்டால் சராசரியாக 9.40 அளவுக்குத் திரும்பும், அதாவது நஷ்டம். பிளேஸ் விலை 3.5/1, எனவே கைக்கு 45 வரும், நாலில் ஒரு முறை இடம் கிடைக்கும், சராசரி 11.25. விலையில் தன் லாபத்தை எடுத்துக்கொண்ட பிறகும் புக்மேக்கர் பிளேஸ் பக்கம் இழக்கிறார்!

இதே ரேஸை ஐந்தில் ஒரு பங்காக மாற்றினால் கைக்கு வருவது 38, சராசரி 9.50. 16 குதிரை ஓடியும் கால் பங்கு தராமல் ‘ஐந்தில் ஒன்று, நாலு இடம்’ என்று யாராவது போட்டிருந்தால் அதைத் தொட வேண்டாம். கூடுதல் இடம் ஒன்றுமில்லை, பங்கு மட்டும் குறைந்திருக்கிறது.

சரி, கூடுதல் இடம் தருபவர்? 16/1 விலையில் கால் பங்குக்குக் கைக்கு வருவது போட்டதைப் போல 5 மடங்கு. ஐந்தில் ஒன்றுக்கு 4.2 மடங்கு. அந்த இழப்பை ஈடுகட்ட, இடம் பிடிக்கும் வாய்ப்பு 19 சதவீதம் கூட வேண்டும். நாலிலிருந்து ஐந்தாவது இடம் கூடும்போது சாதாரணக் குதிரைக்கு வாய்ப்பு 25 சதவீதம் கூடுகிறது. முன்னணிக் குதிரைக்கு அவ்வளவு கூடாது, ஏனென்றால் அது ஓடினால் முதல் மூன்றுக்குள் வந்துவிடும் ரகம். ஆகவே ஒரே விலையில் ஐந்து இடம் என்பது கொஞ்சம் லாபம், அல்லது சமம். விலையை 14/1 ஆகக் குறைத்திருந்தால் கைக்கு 3.8 மடங்குதான், இப்போது 32 சதவீதம் கூட வேண்டும், ஐந்தாவது இடம் அதைத் தராது. வின் பக்கத்தில் 17 மடங்கு 15 ஆனது தனி இழப்பு. அதே 14/1-க்கு ஆறு இடம் என்றால் வாய்ப்பு 50 சதவீதம் வரை கூடுகிறது. பிளேஸில் வரும் ஆதாயம் வின்னில் போனதை ஈடுகட்டிவிடும். இடத்துக்குத்தான் ஆடுகிறேன், ஜெயிப்பது போனஸ் என்பவர் ஆறு இடத்துக்கே போகலாம். ஜெயிக்கும் என்று நம்பி ஆடுபவர் 16/1-ஐ விடக் கூடாது.

ஏய்ன்ட்ரீ மைதானத்தின் கிராண்ட் நேஷனல் ரேஸில் இந்தக் கணக்கு இன்னும் கூர்மையாகும். 2024 முதல் அங்கே 40-க்குப் பதில் அதிகபட்சம் 34 குதிரைகள்தான். 34 ஓடும் இடத்தில் வெறும் நாலு இடம் என்பது கஞ்சத்தனம். அன்றைக்கு ஆறுக்குக் கீழே ஏற்பது வீண்.

எட்டுக் குதிரை ரேஸ் தனிக்கதை. ஃபேவரிட் (ஜெயிக்கும் என்று பெரும்பாலோர் நம்பும் குதிரை) 4/7, நம் குதிரை 5/1, மீதி ஆறும் சும்மா வந்தவை என்று வையுங்கள். பிளேஸ் விலை சரிசமம், 1/1. முதல் இடம் ஏறத்தாழ ஃபேவரிட்டுக்குப் போய்விட்டாலும் இரண்டாவது, மூன்றாவது இடங்கள் காலியாக இருக்கின்றன. நம் குதிரை அதில் ஒன்றைப் பிடிக்க நூற்றுக்கு அறுபது வாய்ப்பு என்பது மிகையில்லை. 10 பவுண்டு ஈச் வேயில் பிளேஸ் பக்கச் சராசரி 12. ஜெயிக்கும் வாய்ப்பு 15 சதவீதம் என்றால் வின் பக்கம் 9. போட்ட 20-க்கு 21. மூன்றாவதாக வந்தால்கூட 20 முழுசாகத் திரும்புகிறது.

இதில் ஓட்டை எங்கே? காலை பத்து மணிக்கு 50/1 குதிரை ஒன்று வாபஸ் ஆனால் போச்சு. ரூல் 4 கழிவு (ஒரு குதிரை விலகினால் மற்ற பெட்களின் லாபத்தில் பிடிப்பது) ஒரு பைசா கிடையாது, ஏனென்றால் 14/1-க்கு மேல் விலையுள்ள குதிரை விலகினால் கழிவு இல்லை. ஆனால் ஸ்டார்ட்டர் முன்னால் நிற்பது ஏழு. இடம் மூன்றிலிருந்து இரண்டு. பங்கு காலாகக் கூடினாலும் வாய்ப்பு நூற்றுக்கு நாற்பதுக்கு இறங்குகிறது: 22.50-ல் நாற்பது சதவீதம் 9 பவுண்டு. மொத்தம் 18. ஓடவே லாயக்கில்லாத ஒரு குதிரை லாரியிலிருந்து இறங்காததால் லாப பெட் நஷ்ட பெட்டாகிவிட்டது. அதனால் சரியாக எட்டு ஓடும் ரேஸில் முந்தின இரவே பணம் கட்டாதீர்கள். ஒன்பது, பத்து என்றால் கொஞ்சம் மூச்சுவிட இடம் உண்டு. 16 குதிரை ஹேண்டிகேப்பிலும் இதே ஆபத்துதான்: 15 ஆனால் மேலே பார்த்த 11.25 ஒரே அடியில் 9 ஆகிறது.

ஃபேவரிட்டே விலகினால் அடி இரண்டு பக்கமும் விழும். 4/7 குதிரை வாபஸ் என்றால் லாபத்தில் பவுண்டுக்கு 60 பென்ஸ் கழிவு; வின்னுக்கும் உண்டு, பிளேஸுக்கும் உண்டு.

ஆன்டி போஸ்ட் பெட்டில் (ரேஸுக்கு வெகு முன்பே போடுவது) நிலைமை தலைகீழ். வாங்கும்போது சொன்ன இடமும் பங்கும் மாறாது; மூன்று இடம் என்று சொல்லியிருந்தால் கடைசியில் ஆறு குதிரை ஓடினாலும் மூன்று இடம். நம் குதிரையே ஓடாவிட்டால் பணம் போனதுதான். செல்டென்ஹாம் ரேஸ் விழாவுக்கு முன்பு ‘ஓடாவிட்டால் பணம் வாபஸ்’ என்று சிலர் அறிவிப்பார்கள். அப்போது விலை சற்றுக் குறைவாக இருக்கும், ஆனாலும் அதைத்தான் எடுக்க வேண்டும்.

எட்டுக் குதிரை ரேஸாகப் பார்த்துப் பார்த்து ஈச் வே போடுகிறவரைப் புக்மேக்கர்கள் சீக்கிரமே கண்டுகொள்வார்கள். கணக்கை மூடாவிட்டாலும், சில்லறைக் காசுக்கு மேல் பெட் ஏற்க மாட்டார்கள். அதன் பிறகு இரண்டு வழி. ஆடுபவர்களே தங்களுக்குள் பெட் வைத்துக்கொள்ளும் எக்ஸ்சேஞ்சின் பிளேஸ் மார்க்கெட்டில் இடங்களின் எண்ணிக்கை தொடக்கத்திலேயே பூட்டப்படுகிறது. எட்டு ஏழானாலும் மூன்று இடம் மூன்றுதான், விலையில் மட்டும் கழிவு வரும். லாபத்தில் கமிஷன் போகும், ஃபேவரிட் பலமாக இருப்பதை அந்த விலை ஏற்கெனவே கணக்கில் எடுத்திருக்கும். டோட் பிளேஸில் ரேஸ் முடியும்வரை விலை தெரியாது. ஃபேவரிட் முதல் மூன்றில் வந்தால் தொகை பெரும்பாலும் சப்பென்றாகிவிடும். ஃபேவரிட் நாலாவதாகப் போகும் நாளில் டோட் டிக்கெட் புக்மேக்கரின் சீட்டை முந்தலாம்.