வீட்டை விற்கும் முன், வாடகைக்கு விடும் முன்: மின்செலவை அளக்க எந்த வழி?

பினாங்கின் பாயான் பாருவில் எங்களுக்கு ஓர் இரட்டை மாடி வரிசை வீடு இருக்கிறது. காலியாகி நாலு மாதம் ஆகிறது. விற்றுவிடலாம் என்கிறாள் மனைவி. இன்னும் ஐந்து வருடம் வாடகைக்கு விடலாம் என்பது என் கட்சி. இந்தப் பேச்சு முடிவதற்குள் ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. "சார், புதுச் சட்டம் வந்துருச்சு. வித்தாலும் சரி, வாடகைக்கு விட்டாலும் சரி, வீட்டுக்கு மின்சாரத் தணிக்கை செஞ்சு பத்திரம் எடுத்து வச்சிருக்கணும்" என்றது எதிர்முனைக் குரல். எவ்வளவு என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

சட்டம் வந்தது உண்மைதான். 2024ஆம் ஆண்டின் ஆற்றல் திறன், சேமிப்புச் சட்டம் 2025 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவில் நடப்பில் இருக்கிறது. ஆனால் தணிக்கை செய்யச் சொல்வது ஆண்டுக்கு 21,600 கிகாஜூலோ அதற்கு மேலோ ஆற்றல் செலவிடும் பெரும் புள்ளிகளை. கரண்டு பில் கணக்கில் சொன்னால் 60 லட்சம் யூனிட். எங்கள் வீட்டில் ஆறு பேர் இருந்தபோதே மாதம் 500 யூனிட்டைச் சுற்றித்தான் ஓடியது, ஆண்டுக்கு 6,000. எங்கள் வீட்டைப் போல ஆயிரம் வீடு சேர்ந்தால்தான் அந்தக் கோட்டைத் தொடும். பெரிய தொழிற்சாலை, பெரிய அலுவலகக் கட்டடம், கடையில் விற்கும் மின்சாதனம் ஆகியவற்றுக்கான சட்டம் அது. பினாங்கில் வீடு விற்பவரிடம் அந்தப் பத்திரத்தை யாரும் கேட்கப் போவதில்லை.

இங்கிலாந்தில் கதை வேறு. அக்கா மகள் லெஸ்டரில் தன் வீட்டை வாடகைக்கு விட்டபோது ஆற்றல் சான்றிதழ் இல்லாமல் விளம்பரமே போட முடியவில்லை. ஏ முதல் ஜி வரை தரம் போடுவார்கள், பத்து ஆண்டுக்குச் செல்லும், பொதுவாக ஈ தரத்துக்குக் கீழே இருந்தால் வாடகைக்கு விடக் கூடாது. அந்தச் சான்றிதழில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. உள்ளே இருப்பவர் எப்படி வாழ்கிறார் என்று அது பார்ப்பதில்லை. ஒரு சராசரிக் குடும்பத்தைக் கற்பனையில் குடிவைத்து, சுவரையும் கூரையையும் சன்னலையும் ஹீட்டரையும் மட்டும் எடைபோடுகிறது. அதாவது ஆளை விட்டுவிட்டு வீட்டை அளக்கிறது. நம் ஊரில் கிடைக்கும் வழிகளை அலசும்போது இந்த ஒரு கேள்வியைத்தான் அளவுகோலாக வைத்துக்கொண்டேன்: இது அளப்பது வீட்டையா, வீட்டில் இருந்தவரையா?

வழி ஒன்று: பில்லும் மீட்டரும் நானும்

காசில்லாத வழி இது. பன்னிரண்டு மாத பில்லை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் பத்து நிமிடத்திலேயே குறை தெரிந்துவிட்டது. எங்கள் கடைசி வாடகைதாரர் மாதம் 800 யூனிட் ஓட்டியிருக்கிறார். அவருக்கு முன்பு இருந்த குடும்பம் 350ஐத் தாண்டவில்லை. வீடு அதே வீடு, ஏர்கோனும் அதே ஏர்கோன். ஒருவர் பகலிலும் ஏர்கோன் போட்டுத் தூங்குகிறவர். மற்றவர்கள் காற்றாடியே போதும் என்றிருந்தவர்கள். ஆக, பில் சொல்வது ஆளைப் பற்றி.

அப்படியென்றால் பில்லைத் தூக்கிப் போடவா? வேண்டாம். 600 யூனிட்டுக்கு மேல் எத்தனை மாதம் போயிருக்கிறது என்று மட்டும் எண்ணிப் பாருங்கள். 2025 ஜூலையில் கட்டண அமைப்பு மாறியதிலிருந்து அந்த 600 ஒரு வாசற்படி மாதிரி. அதற்குள் இருந்தால் மாதம் 10 வெள்ளி (ரிங்கிட்) சில்லறைக் கட்டணம் (ரீட்டெயில் சார்ஜ்) கிடையாது, எரிபொருள் விலைக்கேற்ப மாதாமாதம் ஏறி இறங்கும் தொகையும் கிடையாது. தாண்டினால் அவை இரண்டும் வரும், மேலே 8 விழுக்காடு சேவை வரியும் எட்டிப் பார்க்கும். அது போக, குறைவாகப் பயன்படுத்துகிறவருக்குக் கிடைக்கும் சிக்கனக் கழிவு, யூனிட் ஏற ஏறக் கரைந்து 1,000 யூனிட்டோடு நின்றுவிடும். 550இல் இருக்கும் வீடும் 650இல் இருக்கும் வீடும் பக்கத்துப் பக்கத்து வீடு போலத் தோன்றும். பில்லில் அப்படி இல்லை.

காலி வீட்டில்தான் மீட்டர் சோதனை சுத்தமாக வரும். விருந்தாளி, சமையல், சலவை என்று எதுவும் குறுக்கே வராது. முதலில் எல்லாச் சுவிட்சையும் அணைத்துவிட்டு மீட்டரைப் பார்த்தேன். ஒன்றும் ஓடாத வீட்டில் எண் நகரக் கூடாது. எங்கள் வீட்டில் நகர்ந்தது. மேல்மாடித் தண்ணீர் ஹீட்டர் தொட்டி வகை, அதன் சுவிட்சு அலமாரிக்குப் பின்னால் மறைந்திருந்தது. நாலு மாதமாக ஆளில்லாத வீட்டில் அது தண்ணீரைச் சூடாக்கி ஆறவைத்து மறுபடி சூடாக்கிக்கொண்டிருந்திருக்கிறது. இதைச் சொன்னபோது மனைவி சிரித்தாள், நான் சிரிக்கவில்லை.

அடுத்து ஏர்கோன். சுவரில் செருகும் வாட் மீட்டர் ஐஸ்பெட்டிக்குச் சரி, ஒரு முழு நாள் விட்டுப் பார்த்தால் கணக்கு வந்துவிடும். ஏர்கோன் நேராக ஒயரில் இணைந்திருப்பதால் அதற்கு ஒத்துவராது. ஆகவே மற்றதையெல்லாம் அணைத்துவிட்டு ஒரே ஒரு ஏர்கோனை 25 டிகிரியில் ஓடவிட்டு, மின் நிறுவனமான டிஎன்பியின் மீட்டரையே பார்த்தேன். முதல் ஒரு மணி நேரத்தை எண்ணக் கூடாது. அப்போது இயந்திரம் சுவரில் ஊறிய சூட்டையெல்லாம் இழுத்துக்கொண்டிருக்கும். இரண்டாம் மணியைத்தான் எண்ண வேண்டும். முன்னறையில் பன்னிரண்டு வயது ஆன ஒன்றரை எச்.பி. இயந்திரம் 1.1 யூனிட் எடுத்தது. பின்னறையில் மூன்று வயது ஒரு எச்.பி. இன்வெர்ட்டர் 0.4 யூனிட்.

இரவுக்கு எட்டு மணி நேரம், முப்பது நாள் என்று வைத்தால் 264 யூனிட்டும் 96 யூனிட்டும் ஆகிறது. வித்தியாசம் 168. யூனிட்டுக்கு 44.43 காசு அடிப்படைக் கட்டணத்தில் கழிவு, வரியெல்லாம் சேர்க்காமலே 75 வெள்ளி. இரண்டு அறையும் ஒரே அளவு இல்லை, முன்னறைக்கு மேற்கு வெயில் வேறு, அதனால் பழியை முழுக்க இயந்திரத்தின் மேல் போட முடியாது. ஆனாலும் இந்த எண், பில்லில் இல்லாத ஒன்று. இதில் ஆள் இல்லை.

வழி இரண்டு: வெப்பக் கேமராக்காரர்

புது வீட்டுச் சாவி வாங்குகிறவர்கள் குறை கண்டுபிடிக்கக் கூப்பிடும் ஆட்களிடம் இந்தக் கேமரா இருக்கும். அவர்களுக்குப் பழக்கம் தண்ணீர்க் கசிவு. ஈரமான இடம் ஆவியாகிக் குளிர்ந்திருப்பதால் திரையில் நீலமாகத் தெரியும். அதே கேமராவால் சூட்டையும் பார்க்கலாம், ஆனால் கேட்டு வாங்க வேண்டும். எங்களிடம் வந்த தம்பி காலை பத்து மணிக்கு வருகிறேன் என்றார். "பத்து மணிக்கு ஓடு இன்னும் சூடாகியிருக்காது தம்பி, மூணு மணிக்கு வாங்க" என்று சொல்லிவிட்டேன். மழை நாளாக இருந்தால் வரவே வேண்டாம் என்றும் சொன்னேன்.

மூன்று மணிக்கு முன்னறைச் சிலிங் (உட்கூரை) 39 டிகிரி, பின்னறை 36, கீழே கூடத்துச் சிலிங் 31. வரிசை வீட்டில் நடுவில் இருக்கும் வீட்டுக்கு இருபுறமும் பக்கத்து வீட்டுச் சுவர்தான், வெயில் வரும் வழி முன்பக்கம், பின்பக்கம், கூரை மூன்றுமே. நாம் இருப்பது பூமத்திய ரேகைக்கு ஐந்து டிகிரி சொச்சம் வடக்கே. ஆண்டு முழுவதும் நண்பகல் வெயில் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேல் என்பதால், மூன்றில் கூரைதான் முதல் எதிரி. ஓடு காய்ந்து, அந்தச் சூடு கதிராகக் கீழே இறங்கிச் சிலிங்கைத் தாக்குகிறது. சன்னலுக்குக் கறுப்புத் தாள் ஒட்டுவதற்குச் செலவு செய்கிறவர்கள் ஒரு முறை ஏணி வைத்துச் சிலிங் கதவைத் திறந்து தலையை நீட்டிப் பார்க்கட்டும்.

கேமராவையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. பளபளக்கும் அலுமினியத் தாளை அது சரியாகப் படிக்காது. தாள் எவ்வளவு சூடோ அதைவிட்டு, எதிரே இருப்பதன் பிம்பத்தைக் காட்டும். எங்கள் கூரைக்கடியில் ஒரு பகுதியில் ஏற்கெனவே போட்டிருந்த தாளைப் பார்த்து "இங்க சூப்பரா குளிரா இருக்கு அங்கிள்" என்றார் தம்பி. கையை வைத்துப் பார்த்தேன். குளிர் ஒன்றும் இல்லை. அந்தத் தாள் வேலை செய்வதற்கு அதன் பளபளப்புப் பக்கத்துக்கு முன்னால் காற்று இடைவெளி வேண்டும். அந்தப் பக்கம் கீழ்நோக்கி இருப்பது நல்லது, மேல்நோக்கி இருந்தால் சில வருடத்தில் தூசி மூடிவிடும். எங்கள் தாள் மேல்நோக்கி இருந்தது, தூசி விரலளவு.

கேமராவுக்குக் கொடுத்த காசு வீணா? விற்பதாக இருந்தால் வீண். வாடகைக்கு என்றால் இல்லை, ஏனென்றால் அந்த 39ஐப் பார்த்தபிறகுதான் சிலிங்குக்கு மேலே கண்ணாடி இழைப் பஞ்சு விரிக்க மனம் வந்தது. விரித்த பிறகு அதே மூன்று மணிக்கு, அதே மாதிரி வெயிலில், முன்னறைச் சிலிங் 34. கேமரா இல்லாமலே பஞ்சு போட்டிருக்கலாமே என்று யாராவது கேட்டால் பதில் இல்லை. ஆனால் பத்து வருடமாக அந்த வீட்டை வைத்துக்கொண்டு நான் போடவில்லை.

வழி மூன்று: பச்சைச் சான்றிதழ்

இதை விரைவாக முடித்துவிடலாம். மலேசியக் கட்டடக் கலைஞர் சங்கமும் ஆலோசகப் பொறியாளர் சங்கமும் சேர்ந்து உருவாக்கிய ஜிபிஐ தரம் 2009இலிருந்து இருக்கிறது. வீடு கட்டி விற்கும் நிறுவனங்களின் சங்கமான ரெஹ்டா 2013இல் கொண்டுவந்த கிரீன்ஆர்இ இன்னொன்று. புதுக் கொண்டோ விளம்பரத்தில் தங்கம், பிளாட்டினம் என்று போடுவார்களே, அவை பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்று. புதுக் குடியிருப்பு கட்டும் மேம்பாட்டாளர் திட்டம் வரையும்போதே தொடங்கி வாங்குவது அது. தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) ஒரே ஒரு பழைய வரிசை வீட்டை வைத்திருக்கும் நமக்குச் செய்தது இல்லை. நீங்கள் விற்கப்போவது அப்படிப்பட்ட கொண்டோவில் ஒரு வீடு என்றால், சான்றிதழ் இன்னும் நடப்பில் இருக்கிறதா என்று நிர்வாக அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கட்டி முடித்ததோடு அந்தத் தரம் நிலைத்துவிடுவதில்லை, புதுப்பிக்க வேண்டும்.

வழி நாலு: ஒன்றும் செய்யாமல் பெயிண்ட் அடிப்பது

எங்கள் ஏஜென்ட் சொன்ன வழி. "அண்ணே, விக்கப் போறீங்கன்னா பெயிண்ட் அடிங்க, கேட்டை மாத்துங்க, ஏர்கோனைக் கழுவி வைங்க. கூரையில பஞ்சு இருக்கான்னு யாருண்ணே பாக்கப் போறா?" சொன்னவிதம் எரிச்சலாக இருந்தாலும் விற்பனையைப் பொறுத்தவரை அவர் பக்கம்தான் நியாயம். வங்கியின் மதிப்பீட்டாளர் இடம், பரப்பளவு, நிலை, சுற்றுவட்டாரத்தில் அண்மையில் விற்ற விலை ஆகியவற்றைப் பார்ப்பார். மின்செலவுக்கு அவர் தாளில் வரி கிடையாது. வாங்க வருகிறவர்களும் காலை பதினொரு மணிக்கு வந்து, எல்லா அறையிலும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஏர்கோனில் நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

ஏர்கோனைக் கெமிக்கல் வாஷ் செய்யச் சொன்னதும் நல்ல யோசனை. அழுக்கடைந்த சுருளில் காற்று போகாது, அறை குளிராது, இயந்திரம் நிற்காமல் ஓடும். ஒரு இயந்திரத்துக்கு ஒரு தரம் கழுவும் செலவு, நான் அளந்தபோது தெரிந்த அந்த 75 வெள்ளி மாத வித்தியாசத்தைவிடக் கொஞ்சம்தான் கூட. வெளியில் இருக்கும் பெட்டியின் ஒட்டுத்தாளில் ஆர்22 என்று எழுதியிருந்தால் மட்டும் கழுவும் செலவையும் யோசித்துச் செய்யுங்கள். அது பழைய வாயு, பழைய இயந்திரம், மாற்றும் வயது வந்துவிட்டது. மாற்றும்போது மஞ்சள் ஒட்டுத்தாளில் நட்சத்திரத்தை மட்டும் எண்ணாமல், ஆண்டுக்கு இத்தனை யூனிட் என்று கீழே போட்டிருக்கும் எண்ணையும் பார்க்கவும்.

வாடகைக்கு விடுவதில் ஏஜென்ட்டின் கணக்கு செல்லாது. பஞ்சுக்கும் புது ஏர்கோனுக்கும் காசு போடுவது நான், பில் குறைவது வாடகைதாரருக்கு. இதனால்தான் பல வீட்டுக்காரர்கள் கையை நீட்டுவதில்லை, எனக்கும் அதே எண்ணம் இருந்தது. ஆனால் மின்சாரக் கணக்கு பெரும்பாலும் நம் பெயரில்தான் இருக்கிறது. தண்ணீருக்கும் கரண்டுக்கும் சேர்த்து நாம் வாங்குவதோ அரை மாத வாடகை அளவு முன்பணம். மாதம் 400 வெள்ளி பில் ஓடும் வீட்டில் ஒருவர் மூன்று மாதம் கட்டாமல் போனால் அந்த முன்பணம் எந்த மூலைக்கு? போன முறை எனக்கு நடந்தது அதுதான். மேல்மாடியில் படுக்கவே முடியவில்லை என்று சொல்லிவிட்டுப் போனவர், கடைசி பில்லையும் வைத்துவிட்டுப் போனார்.

இந்த முறை விளம்பரத்தோடு ஒரு தாள் சேர்த்தேன். ஒவ்வோர் ஏர்கோனின் வயது, கடைசியாகக் கழுவிய மாதம், இரண்டாம் மணி யூனிட் கணக்கு, மூன்று மணிக்குச் சிலிங் சூடு, பஞ்சு போட்டதற்கான ரசீது, முந்தைய இரண்டு குடும்பங்களின் சராசரி யூனிட். கையால் எழுதிப் படம் பிடித்ததுதான், முத்திரை எதுவும் இல்லை.

வீடு பார்க்க வந்தவர்களில் பாதிப்பேர் அதைப் படிக்கவே இல்லை. ஒருவர் படித்தார். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் வேலை, மனைவி, பள்ளி போகும் மகள். தாளில் மூன்று மணிக் கணக்கில் விரலை வைத்துக்கொண்டு, "அங்கிள், நான் பகல்ல தூங்குறவன். பின்னறை எத்தனை டிகிரி?" என்றார். பஞ்சு போட்ட பிறகு முன்னறையை மட்டும்தான் அளந்திருக்கிறேன் என்று ஒப்புக்கொண்டேன். அவரே மூன்று மணிக்கு ஒரு நாள் வந்து பின்னறையில் ஏர்கோன் போடாமல் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் ஒப்பந்தம் போடுகிறோம். மனைவி இன்னும் விற்பதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறாள்.