ஐகியா மெதோட் சமையலறைப் பெட்டிகள்: வாங்கும் முன் மேடையை அளந்துவிடுங்கள்

இருக்கிற கான்கிரீட் மேடையை அப்படியே வைத்துக்கொண்டு, கீழே உள்ள கடப்பா கல் தடுப்புகளை மட்டும் எடுத்துவிட்டு ஸ்வீடன் நிறுவனமான ஐகியாவின் மெதோட் பெட்டிகளை நுழைத்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது: அது நுழையாது. கீழ்ப்பெட்டியின் உயரம் 80 செ.மீ., அதன் கால் 8 செ.மீ., ஆக 88. நம் வீட்டு மேடைகளின் மேல்மட்டமே பெரும்பாலும் 32 முதல் 34 அங்குலம், அதாவது 81 முதல் 86 செ.மீ.தான். கான்கிரீட்டும் கிரானைட்டும் எடுத்துக்கொண்டது போக அடியில் மிஞ்சுவது 75 செ.மீ. சொச்சம். ஆழத்திலும் இதே சிக்கல். பெட்டி 60 செ.மீ., முன்னால் கதவு ஏறத்தாழ 2 செ.மீ. 24 அங்குல மேடை 61 செ.மீ.தான் வரும். கதவின் முகம் கல் விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும்; மேடையில் வழிகிற தண்ணீர் முழுக்கக் கதவின் தலையில் இறங்கும்.

மேடையை இடிக்கவே மாட்டேன் என்பவர்களுக்கு ஒரே வழி, மெதோட் சுவர்ப்பெட்டியைக் கீழே வைப்பது. 37 செ.மீ. ஆழம், 60 செ.மீ. உயரம், காலோடு 68. மேலே மிஞ்சும் சில செ.மீ. இடைவெளியை ஒரு பட்டையால் மூடிவிடலாம். பின்னால் கிடைக்கும் இடத்தில் குழாய்கள் ஒளிந்துகொள்ளும். ஆனால் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். அந்தப் பணத்துக்கு உள்ளூர் அலுமினிய வேலைக்காரர் அளவெடுத்து முழு ஆழத்துக்கே செய்து கொடுப்பார்.

ஆக, இது புது வீடு கட்டுகிறவர்களுக்கும் மேடையை இடிக்கத் துணிந்தவர்களுக்குமான பொருள். அவர்களுக்கு இது நன்றாகவே உழைக்கும்.

மெதோட் என்றால் ஸ்வீடன் மொழியில் 'முறை'. பெயருக்கு ஏற்றபடி இது அலமாரி என்பதைவிட ஓர் அளவுத் திட்டம். அகலம் 20, 30, 40, 60, 80. கீழ்ப்பெட்டியின் ஆழம் 37 அல்லது 60. கதவு, இழுப்பறை ஆகியவற்றின் முன்முகங்களின் உயரம் பெரும்பாலும் 10, 20, 40, 60, 80 என்று ஓடும். கூடு (கதவில்லாத வெறும் பெட்டி), கதவு, கீல், இழுப்பறை, கால், தொங்கவிடும் இரும்புப் பட்டை, கால்களை மறைக்கும் அடிப்பட்டை, பக்கப் பலகை, கைப்பிடி என எல்லாவற்றுக்கும் தனித்தனி விலை. கூட்டின் விலையைப் பார்த்துவிட்டு "இவ்வளவு மலிவா" என்று மனக்கணக்குப் போடுவதுதான் எல்லோரும் சறுக்கும் இடம். மொத்தச் செலவில் கூடு சிறு பகுதி. இழுப்பறையும் முன்முகமும்தான் தொகையை ஏற்றும்.

தமிழ்நாட்டிலிருந்து கிட்டத்தில் இருக்கும் ஐகியாவின் பெரிய கடை 2022இல் திறந்த பெங்களூரு நாகசந்திரா கடை. ஒரு கீல் குறைந்தாலும் முக்குக் கடைக்கு ஓடி வாங்க முடியாது என்பதால் பட்டியலை இருமுறை சரிபார்ப்பது அவசியம். உதாரணமாக 310 செ.மீ. நேர்ச்சுவர் ஒன்று: சிங்குக்கு 80, இழுப்பறைக்கு 60, அடுப்புக்குக் கீழே 80, எண்ணெய் டப்பாக்களுக்கு 40, சிலிண்டருக்கு 40. மொத்தம் 300. மிச்சம் 10 செ.மீ.யை இரு ஓரத்திலும் ஐந்தைந்தாகப் பிரித்து நிரப்புப் பட்டை வைக்க வேண்டும். இந்த ஐந்து செ.மீ. அழகுக்காக அல்ல. சுவரை ஒட்டி இழுப்பறை வைத்தால் கைப்பிடியோ முகமோ சுவரில் உரசும், இல்லாவிட்டால் வாசற்காலில் முட்டும். நம் சுவர்கள் எதுவும் நேர்க்கோணத்திலும் இல்லை. மூலையிலிருந்து ஒரு சுவரில் 90 செ.மீ., மற்றதில் 120 செ.மீ. குறித்துக் குறுக்கே அளந்தால் 150 வர வேண்டும். ஒரு செ.மீ. வித்தியாசம் வந்தாலும் அந்த நிரப்புப் பட்டைதான் காப்பாற்றும்.

உயரத்தைப் பற்றி விற்பனையாளர் தானாகப் பேச மாட்டார். 88 செ.மீ.க்கு மேல் 18 மி.மீ. பிளைவுட், அதன்மேல் 20 மி.மீ. கிரானைட் வைத்தால் ஏறத்தாழ 92. ஐந்தடி உயரமுள்ளவருக்கு அது தோள் வலி. நின்றபடி முழங்கையை மடக்கி, அதிலிருந்து 10 முதல் 15 செ.மீ. கீழே மேடை இருந்தால் காய் நறுக்கவும் மாவு பிசையவும் சரியாக இருக்கும். ஐந்தடிக்காரருக்கு அது 80 முதல் 85க்குள் விழும். இதற்கு நம் ஊர்த் தீர்வு ஒன்று உண்டு. 60 செ.மீ. உயரக் கூட்டை வாங்கி, காலைத் தவிர்த்துவிட்டு, 18 செ.மீ. செங்கல் பீடம் கட்டி டைல் ஒட்டி அதன்மேல் உட்கார வைப்பது. 18, 60, அதோடு பலகையும் கல்லும் 3.8, ஆக 82 வரும். இதில் இன்னொரு லாபம், தரையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவும் வீட்டிலும் பெட்டியின் அடி நனையாது. 60 உயரக் கூடும் அதற்கான முகங்களும் கடையில் இருப்பில் உள்ளனவா என்று பார்த்த பிறகே கொத்தனாரைக் கூப்பிடுங்கள்.

இந்த அமைப்பின் உண்மையான சாமர்த்தியம் இரும்புப் பட்டையில் இருக்கிறது. 200 செ.மீ. நீளப் பட்டையைச் சுவரில் மட்டமாக அடித்துவிட்டால், பெட்டிகள் எல்லாம் அதில் போல்ட்டில் தொங்கும், தள்ளியும் சரிசெய்யலாம். தனித்தனியாகப் பெட்டிக்குப் பெட்டி மட்டம் பார்க்கிற வேலை இல்லை. 300 செ.மீ. சுவருக்கு இரண்டு பட்டை வாங்கி ஒன்றை ஹேக்சாவால் வெட்ட வேண்டியதுதான். தரையின் மிக உயரமான புள்ளியைக் கண்டுபிடித்து அங்கிருந்துதான் அளவைத் தொடங்க வேண்டும். சமையலறைத் தரை எப்போதும் ஒரு பக்கம் வாட்டமாகத்தான் இருக்கும். காலைத் திருகி உயர்த்தலாம், ஓர் அளவுக்குக் கீழே இறக்க முடியாது. பள்ளத்திலிருந்து அளந்து பட்டையை அடித்தால் மறுமுனைப் பெட்டி தரையில் இடிக்கும்.

சுவர் திருகு பெட்டியோடு வராது. கொடுக்காததிலும் நியாயம் இருக்கிறது, சுவருக்குச் சுவர் வேறு. டைல் ஒட்டிய செங்கல் சுவரென்றால் டைல் 8 மி.மீ., அதன் அடிக் கலவையும் பூச்சும் சேர்ந்து இன்னொரு 25 முதல் 35 மி.மீ. 50 மி.மீ. திருகு செங்கல்லுக்குள் ஒரு செ.மீ. அளவுக்குத்தான் இறங்கும். 75 மி.மீ.க்குக் குறையாத திருகும் அதற்கேற்ற நைலான் பிளக்கும் வேண்டும். டைலைத் துளைக்கும்வரை டிரில்லில் சுத்தியல் விசையைப் போடக்கூடாது, டைல் பிளந்துவிடும். எடை குறைந்த ஏஏசி கல் சுவரென்றால் சாதாரண பிளக் பிடிக்காது; அதற்கென்று விற்கும் பிளக்கைத் தேடி வாங்க வேண்டும். தட்டும் டம்ளரும் நிறைந்த சுவர்ப்பெட்டி தலைக்கு மேல் தொங்குகிறது என்பதை மறக்க வேண்டாம்.

கோர்ப்பது கடினமில்லை. மரமுளை, சுழற்பூட்டு, பின்பலகை என்ற வரிசையில் படம் பார்த்தே செய்துவிடலாம். முதல் பெட்டிக்கு முக்கால் மணி நேரம் ஆகும், நான்காவதுக்குள் இருபது நிமிடத்துக்கு வந்துவிடும். கெடுவது இரண்டு இடத்தில். ஒன்று திருப்புளி. இந்தத் திருகுகளின் தலை பார்க்கப் பிலிப்ஸ் நட்சத்திரம் போலிருக்கும், ஆனால் அது போசிடிரிவ். வீட்டில் கிடக்கும் பிலிப்ஸ் முனையைப் போட்டால் வழுக்கித் தலையைத் தின்றுவிடும். போசிடிரிவ் 2 முனை ஒன்று வாங்கிவிடுங்கள். இரண்டாவது, மின்திருப்புளியை முழு வேகத்தில் விடுவது. பலகை அழுத்திய மரத்தூள். ஒருமுறை துளை தளர்ந்தால் அந்த இடத்தில் பிடிப்பு திரும்ப வராது. கடைசி இரண்டு சுற்றுகளைக் கையால்தான் முறுக்க வேண்டும். பின்பலகையைச் செருகியதும் இரு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். 2 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் கதவு கடைசிவரை கோணலாகவே நிற்கும், எந்தக் கீலைத் திருகினாலும் சரியாகாது.

கிரானைட் விஷயத்தில் ஐகியாவின் கையேட்டை அப்படியே பின்பற்ற வேண்டாம். இரும்புப் பட்டையில் மாட்டினால் முன்னால் மட்டும் கால் போதும் என்பது அவர்கள் முறை. 20 மி.மீ. கிரானைட் சதுர மீட்டருக்கு 54 கிலோ. மூன்று மீட்டர் மேடைக்கு நூறு கிலோவைத் தாண்டும். அதன்மேல் தேங்காய் உடைப்பார்கள், கிரைண்டர் ஓடும். ஒவ்வொரு பெட்டிக்கும் நான்கு கால், மேலே முழு நீளத்துக்கும் 18 மி.மீ. நீர்தாங்கும் பிளைவுட், பிறகு கல். பெட்டியின் மேல்பக்கம் திறந்தே இருப்பதால் பிளைவுட் இல்லாமல் கல்லை நேரடியாக வைத்தால் நடுவில் தாங்க எதுவும் இல்லை. இழுப்பறைகளையும் கதவுகளையும் கல் வேலை முழுக்க முடிந்த பிறகே அட்டைப்பெட்டியிலிருந்து பிரித்து எடுங்கள். கிரானைட் அறுக்கும்போது பறக்கும் தூள் இழுப்பறை ஓடும் சேனலுக்குள் புகுந்தால், சத்தமில்லாமல் மூட வேண்டிய இழுப்பறை நறநறவென்று ஓடும்.

மாக்சிமெரா இழுப்பறைதான் இந்த வரிசையில் காசு கொடுக்கத் தகுந்தது. முழுக்க வெளியே வரும், மெதுவாக மூடிக்கொள்ளும், பின்மூலையில் இருக்கும் கடுகு டப்பாகூடக் கைக்கு எட்டும். 80 உயரப் பெட்டியை 20, 20, 40 என்று பிரித்தால் நம் சமையலுக்குப் பொருந்தும். 10 செ.மீ. முகமுள்ள தாழ்ந்த இழுப்பறையில் கரண்டிதான் படுக்கும். அஞ்சறைப் பெட்டிக்கு 20 வேண்டும். இட்லிக் குண்டானும் ஐந்து லிட்டர் குக்கரும் 40இல் போகும். காசு குறைவென்றால் எல்லாப் பெட்டியிலும் இழுப்பறை வைக்காமல், அடுப்பின் இருபுறமும் மட்டும் வைத்து மற்றதற்குக் கதவு போதும். மூலைப்பெட்டியின் சுழல்தட்டில் இறங்குவதற்கு முன் யோசியுங்கள். வட்டத் தட்டில் பாத்திரம் வைத்தால் ஓரங்களில் இடம் வீணாகும், பணமும் மிஞ்சாது.

இப்போது தண்ணீர். சிங்குக்கு அடியில் இந்தப் பலகையை வைக்கலாமா என்று கேட்டால், வைக்கலாம், ஆனால் அறுத்த விளிம்பு ஒன்றுகூடத் திறந்திருக்கக் கூடாது. பலகையின் முகத்தில் உறை இருக்கிறது. குழாய்க்காக நாம் போடும் ஓட்டையின் விளிம்பில் இல்லை. ஈரம் அங்கேதான் ஏறி உப்பும். ஓட்டை போட்டவுடன் விளிம்பு முழுக்கச் சிலிக்கான் தடவி ஆறவிட்டு, பிறகு குழாயைக் கோர்க்க வேண்டும். தரைப்பலகை மேல் மடித்த விளிம்புள்ள அலுமினியத் தட்டு ஒன்றைப் போட்டுவிட்டால் கசிவு கண்ணுக்குத் தெரியும். ஆர்.ஓ. இயந்திரக் குழாய் கசிகிற வீடாக இருந்தால் அந்த ஒரு பெட்டியை மட்டும் அலுமினியத்திலோ மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த டபிள்யூ.பி.சி. பலகையிலோ உள்ளூரில் செய்துகொண்டு, முன்னால் இதே கதவை மாட்டுவது புத்திசாலித்தனம். யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

சிலிண்டருக்கு மெதோட் பெட்டி வேண்டாம். நிரம்பிய 14.2 கிலோ சிலிண்டர் இரும்போடு சேர்த்து முப்பது கிலோவை ஒட்டி வரும். இழுத்து வைக்கிற ஒவ்வொரு முறையும் அடிப்பலகை சிராய்க்கும். அந்த 40 செ.மீ. இடத்தில் 18 மி.மீ. பலகை இரண்டை நிறுத்தினால் உள்ளே 36.4 செ.மீ. கிடைக்கும். சிலிண்டரின் விட்டம் சுமார் 32. அது தரையிலேயே நிற்கட்டும், முன்னால் கதவு மட்டும். ஆனால் எரிவாயு காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடுதான் தேங்கும். ஆகவே கதவின் கீழே இடைவெளி விட வேண்டும், அடிப்பட்டையை இந்த இடத்தில் அடைக்கவே கூடாது. ரப்பர் குழாய் இழுப்பறைக்குப் பின்னால் மறைந்து ஓடவும் கூடாது. பார்க்க முடியாத குழாயில் வெடிப்பு விழுந்தால் யாருக்கும் தெரியாது.

உள்ளூர் ஆசாரி தண்ணீர் தாங்கும் 710 தரப் பிளைவுட்டில் செய்வதோடு ஒப்பிட்டால், பலகையில் ஆசாரிக்குத்தான் வெற்றி. தண்ணீரும் கரையானும் தொல்லை தரும் வீட்டில் அது பெரிய வித்தியாசம். கீல், சேனல், அளவுச் சுத்தம் ஆகியவற்றில் மெதோட் முந்தும்; இந்த வரிசை விற்பனையில் இருக்கும்வரை கதவை மட்டும் அதே அளவில் மாற்றிக்கொள்ளலாம் என்பதும் அதன் பக்கம். மரத்தூள் பறக்காமல் இரண்டு மூன்று நாளில் முடிவதும் உண்மை, மேடையை இடிக்கிற நாட்களைச் சேர்க்காவிட்டால்.

கடைசியாகக் கதவுகளை நேராக்கும் வேலை. கீலில் மூன்று திருகுகள் இருக்கும்: மேல்கீழ், இடவலம், உள்வெளி. கல்லும் பாத்திரமும் ஏறிப் பெட்டிகள் தங்கள் இடத்தில் உட்கார ஒரு வாரம் விட்டுவிட்டு அதைச் செய்யுங்கள். முதல் நாளே நேராக்கினால் மறுபடியும் செய்ய வேண்டி வரும்.