ஹாலுக்கு ஒரு வால்யூம், மாடிக்கு ஒரு வால்யூம்

சுவரில் பதிக்கிற இந்த ஸ்பீக்கர் வால்யூம் கண்ட்ரோலைத் தாராளமாக வாங்கலாம். ஆனால் ஒன்று போதாது, இரண்டாக வாங்குங்கள்.

எங்கள் வீடு கடலூர் தேவனாம்பட்டினத்தில். ஒரே ஸ்டீரியோ ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்). அதன் ஸ்பீக்கர் இணைப்பு ‘ஏ’யில் ஹால் ஸ்பீக்கர்கள், ‘பி’யில் மொட்டை மாடி ஸ்பீக்கர்கள். சாயந்திரம் கடல்காற்றில் மாடியில் பாட்டு கேட்க வேண்டுமென்றால் ஆம்பை நன்றாகத் திருப்ப வேண்டும். உடனே ஹாலிலிருந்து அத்தை, “கொஞ்சம் கம்மி பண்ணும்மா, போன்ல பேச முடியல” என்பார். அவர் சொல்வது நியாயம்தான். ஏ, பி பட்டன்கள் ஸ்பீக்கரைச் சேர்க்கும், துண்டிக்கும், அவ்வளவுதான். சத்தத்துக்கு இருப்பது ஒரே குமிழ்.

அதைவிடப் பெரிய சிக்கல் லோடு, அதாவது ஆம்ப் தாங்க வேண்டிய சுமை. ஸ்பீக்கரின் மின்தடையான ஓம்ஸ் குறையக் குறைய சுமை கூடும். 8 ஓம்ஸ் ஸ்பீக்கர் இரண்டு ஜோடி ஒன்றாக ஓடினால் ஆம்புக்கு அது 4 ஓம்ஸ். என் ஆம்ப் 8 ஓம்ஸுக்குக் கீழே தாங்காது, சூடேறி நின்றுவிடும்.

இந்தக் கண்ட்ரோல் அதற்கும் சேர்த்தே வழி செய்கிறது. உள்ளே இருப்பது ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர், ஸ்பீக்கருக்குப் போகும் வோல்டேஜைக் குறைத்துத் தரும் கம்பிச் சுருள். கையில் எடுத்தாலே கனம் தெரியும். பின்பக்கம் ஸ்பீக்கரின் ஓம்ஸை ஆம்புக்கு எத்தனை மடங்காகக் காட்ட வேண்டும் என்று மாற்றிக்கொள்ள 1, 2, 4, 8 மடங்கு என்று சின்ன ஜம்பர்கள் (கழற்றி மாட்டும் இணைப்புகள்). இரண்டு கண்ட்ரோலையும் 2 மடங்கில் வைத்தால் ஒவ்வொரு ஜோடியும் ஆம்புக்கு 16 ஓம்ஸாகத் தெரியும். இரண்டும் சேர்ந்து 8. அதிகபட்ச சத்தம் 3 டெசிபல் குறையும். ஆம்பைக் கொஞ்சம் கூட்டினால் சரியாகிவிடும்.

கடையில் முதலில் ரேடியோ குமிழில் இருப்பது போன்ற சாதாரண பொட்டென்ஷியோமீட்டரைத்தான் நீட்டினார்கள். ஸ்பீக்கர் லைனில் அதைப் போட்டால் கருகிவிடும். ஸ்பீக்கர் லைனுக்கென்றே ரெசிஸ்டர்களால் செய்த எல்-பேட் தாங்கும், ஆனால் குறைக்கிற சத்தத்தையெல்லாம் சூடாக்கி வீணடிக்கும்.

ஏன் இரண்டு வேண்டும்? இது சத்தத்தைக் குறைக்க மட்டுமே செய்யும், கூட்டாது. மாடிக்குத் தேவையான அளவில் ஆம்பை வைத்துவிட்டு, ஹாலில் இறக்கிக்கொள்ள வேண்டும். மாடியிலும் ஒன்று இருந்தால்தான் மேலே சொன்ன ஓம்ஸ் கணக்கு சரிவரும். இப்போது அத்தையே நாற்காலிக்குப் பக்கத்துக் குமிழைத் திருப்பிக்கொள்கிறார். மாடியில் பாட்டு அப்படியே ஓடுகிறது. எனக்கு இதில் ரொம்ப சந்தோஷம்.

குறைகளும் உண்டு. குமிழ் வழுவழுவென்று சுற்றாது. 12 படிகளாகத் தாவுகிறது. ராத்திரி மெதுவாகக் கேட்கும்போது ஒரு படி அதிகமாக இருக்கிறது, முந்தின படி கேட்கவே இல்லை. டிரான்ஸ்ஃபார்மரால் ஆழம் அதிகம், பழைய சுவிட்ச் பெட்டியில் உட்காரவில்லை. எலக்ட்ரீஷியன் அண்ணன் சுவரைக் கொத்தித் தனிப் பெட்டி வைத்தார். எப்படியும் தனிப் பெட்டிதான் சரி, 230 வோல்ட் வயரோடு இதைச் சேர்க்கக் கூடாது. மழை தாங்காது என்பதால் மாடிக்கானதைப் படிக்கட்டு அறைக்குள்ளேயே பதித்தோம். உப்புக்காற்றில் வெளியே விட்டால் திருகாணி கூட மிஞ்சாது.

வாங்கும்போது வாட்ஸைப் பாருங்கள். ஆம்பின் ஒரு சேனல் தரும் அளவையாவது தாங்க வேண்டும். கல்யாண மண்டபம், கோயிலில் இருப்பது போல 100 வோல்ட் லைன் ஸ்பீக்கர் வைத்திருப்பவர்களுக்கு இது பொருந்தாது. அதற்கென்று தனிக் கண்ட்ரோல் இருக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள்.